அல்சாஸில் நான்கு நாள்: காரில்லாமல் ஒயின் சுவைக்கப் போகிறோம், எங்கே தங்குவது?

மழைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரம் பாரிசில் என் கணவருக்கு மூன்று நாள் வேலை இருக்கிறது. அது முடிந்ததும் முழுசாக நான்கு நாள் கையில் இருக்கும், அதைப் பிரான்சின் கிழக்கு எல்லையில் இருக்கும் ஒயின் பகுதியான அல்சாஸில் கழிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். போர்தோவுக்குப் போகலாம் என்றுதான் அவர் முதலில் சொன்னார். ஆனால் சிவப்பு ஒயினின் துவர்ப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை, நான் விரும்பிக் குடிப்பது வெள்ளை மட்டும்தான். நண்பர் வீட்டில் ஒருமுறை கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயின் கொடுத்தார்கள், கிளாஸை மூக்கருகே கொண்டு போனதுமே ரோஜாப்பூ வாசம், நம்பவே முடியவில்லை. அது விளையும் ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்கே வந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால் எங்கள் இருவரில் யார் கார் ஓட்டினாலும் அவர் குடிக்க முடியாது, அதனால் கார் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். மாமியாரும் கூட வருகிறார். அவர் மது தொடமாட்டார், அசைவமும் சாப்பிடமாட்டார், ஆனால் நன்றாக நடப்பார், புது ஊர் பார்ப்பதில் எங்களைவிட ஆர்வம் அதிகம். அவரை நாள் முழுக்க ஒயின் நிலவறைகளில் நிற்க வைக்க எனக்கு மனமில்லை.

எந்த ஊரில் தங்கினால் வசதி? ஒரு நாளைக்கு எத்தனை இடத்தில் சுவைக்கலாம்? முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டுமா, நேராகப் போய் நிற்கலாமா? இன்னொன்று, சுவைத்த ஒயினை எல்லோர் முன்னாலும் துப்புவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. விழுங்கியே ஆக வேண்டுமா, துப்பித்தான் ஆக வேண்டுமா? சுவைத்துவிட்டு எதுவும் வாங்காமல் வந்தால் தப்பாக நினைப்பார்களா?

---

ரைன் கரை எழுதியது:

நான் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பதினோரு வருடமாக இருக்கிறேன், கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. போர்தோவை விட்டுவிட்டு அல்சாஸைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. போர்தோவில் பெயர் பெற்ற ஒயின் மாளிகைகளுக்கு முன்பதிவு இல்லாமல் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. இங்கே ஒயின் செய்பவரின் வீடும் கிராமத்துத் தெருவிலேயே இருக்கும், கீழே நிலவறை, மேலே அவர் குடும்பம், வாசலில் 'தெகுஸ்தாசியோன், வான்த்' என்று ஒரு பலகை. சுவைக்கலாம், வாங்கலாம் என்று அர்த்தம். மணியடித்தால் யாராவது வந்து திறப்பார்கள்.

தங்குவதற்குக் கோல்மார் நகரம். பாரிசின் கார் து லெஸ்த் நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் சுமார் 2 மணி 20 நிமிடம். ஒயின் பாதை என்பது வடக்கே மார்லன்ஹைமில் தொடங்கித் தெற்கே 'தான்' என்ற ஊர் வரை 170 கிலோமீட்டர் நீளம், 1953ல் திறந்தது. நான்கு நாளில் முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள், பலர் செய்யும் தவறு அதுதான், நானும் செய்தேன். முதல் வருடம் ஒரே நாளில் ஐந்து கிராமம், ஆறு நிலவறை. மூன்றாவது இடத்திலேயே நாக்கு மரத்துவிட்டது, அதற்கப்புறம் குடித்ததெல்லாம் புளிப்பு, இனிப்பு என்ற அளவில்தான் தெரிந்தது. அதில் கடைசியாகப் போனது ஒரு பெரிய தெருக்கடை, மூன்று நிமிடத்தில் நான்கு கிளாஸ் ஊற்றிவிட்டு எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் அந்த ஒயின் எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. பகல் 12 முதல் 2 வரை எல்லோரும் சாப்பாட்டுக்குக் கதவை மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சின்னக் குடும்பங்கள் பலர் திறப்பதில்லை.

அக்டோபர் முதல் வாரம் என்பதால் ஒன்று கவனியுங்கள். கிரெமான் என்ற நுரைக்கும் ஒயினுக்கான அறுவடை சில வருடம் ஆகஸ்ட் கடைசியிலேயே ஆரம்பித்துவிடுகிறது, மற்றவை செப்டம்பரில். நீங்கள் வரும்போது பெரும்பாலும் முடிந்திருக்கும், ஆனால் புளிக்கும் தொட்டிகளை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தூங்கியிருக்கவே மாட்டார்கள். அதனால் இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சலில் நான்கு வரி எழுதிவிடுங்கள்: எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணி. ஆங்கிலத்தில் எழுதினாலும் பதில் வரும். உள்ளே நுழைந்ததும் 'போன்ஷூர்' என்று வணக்கம் சொல்லிவிட்டு அப்புறம்தான் வேறு பேச்சு. இது சின்ன விஷயம் இல்லை, அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் அவர்கள் முகமே மாறிவிடும்.

வாங்காமல் வரலாமா என்று கேட்டீர்கள். பெரிய நிறுவனங்கள் சுவைப்பதற்குக் கட்டணம் வாங்குகின்றன, அங்கே வாங்காவிட்டாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சின்ன வீடுகளில் பல இடங்களில் இலவசம், முக்கால் மணி நேரம் நம்மோடு உட்கார்ந்து எட்டு பாட்டில் திறப்பார்கள். அங்கே ஒன்றிரண்டாவது வாங்குவதுதான் மரியாதை. சில்வனேர், பினோ பிளாங் போன்ற மலிவான வெள்ளை ஒயின்கள் பல இடங்களில் 10 யூரோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், பெரிய பாரம் இல்லை.

---

நடைப்பயணி எழுதியது:

ரைன் கரை சொன்னது எல்லாம் சரி, போக்குவரத்து பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் நாங்களும் காரில்லாமல்தான் போனோம்.

கோல்மாரிலிருந்து மலைப்பக்கம் போகும் சின்ன ரயில் ஒன்று இருக்கிறது, மெட்செரால் வரை. அதில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் துர்க்கைம் வந்துவிடும். நிலையத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் பழைய கோட்டை வாசல், உள்ளே நுழைந்தால் கிராமம், கிராமத்துக்கு மேலேயே பிராண்ட் என்ற கிரான் க்ரூ தோட்டம், அதாவது உயர்தரப் பட்டம் பெற்ற திராட்சைத் தோட்டம், சரிவாக ஏறுகிறது. தோட்டத்துக்குள் நடைபாதை போட்டு வைத்திருக்கிறார்கள். காலையில் தோட்டத்தில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, காலடியில் நொறுங்கும் அந்தக் கருங்கல் மணலைப் பார்த்துவிட்டு, அப்புறம் இறங்கி வந்து அதே சரிவில் விளைந்த ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைக் குடித்தபோதுதான் 'மண்ணின் சுவை' என்று இவர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன், தலையாட்டியிருக்கிறேன், புரிந்ததில்லை.

இன்னொரு நாள் ரிபோவில்லேவுக்குப் பேருந்து பிடியுங்கள். அங்கிருந்து ஹுனாவீர் வழியாக ரிக்வீர் வரை தோட்டங்களுக்கு நடுவே நடக்கலாம், சுமார் 5 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் கிடையாது. நன்றாக நடப்பார் என்கிறீர்களே, உங்கள் மாமியாருக்கு இது மிகவும் பிடிக்கும். ஹுனாவீரில் தோட்டங்களுக்கு நடுவில் மதில் சுவர் கட்டிய ஒரு தேவாலயம் நிற்கிறது, அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு பக்கம் வோஜ் மலை, இன்னொரு பக்கம் ரைன் சமவெளி, வானம் தெளிவாக இருந்தால் ஜெர்மனியின் கருங்காடு மலை வரை தெரியும். ஒரு காலத்தில் அந்த இரண்டு மலையும் ஒன்றாக இருந்து நடுப்பகுதி இறங்கியதால்தான் ரைன் பள்ளத்தாக்கே உண்டானது. அப்படி இறங்கியபோது மண் அடுக்குகள் உடைந்து கலந்துவிட்டன. அதனால்தான் இங்கே அரை மணி நேரம் நடந்தால் கருங்கல், சுண்ணாம்பு, களிமண், மணற்கல் என்று மண் மாறிக்கொண்டே போகிறது.

சைக்கிளும் நல்ல யோசனைதான், எகிஷைம் என்ற ஒயின் கிராமம் கோல்மாரிலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். ஆனால் கவனம், பிரான்சில் லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற மது அளவு சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும். போகும்போது சைக்கிள், சுவைத்த பிறகும் சைக்கிள் என்றால் துப்பியே ஆக வேண்டும்.

ரிக்வீர் பற்றி என் சொந்தக் கருத்து: ஊர் அழகு, சந்தேகமே இல்லை, ஆனால் காலை பத்து மணிக்குமேல் பிரதான தெருவில் சுற்றுலாக் கூட்டம் நெரிக்கும். அங்கே மட்டும் போய்விட்டு அல்சாஸ் பார்த்துவிட்டோம் என்று திரும்பாதீர்கள். மாலையில் நடந்து வந்து சேருங்கள், கூட்டம் கலைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பேருந்து மிகக் குறைவு, நடை நாளை வேறு கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

பீப்பாய் எழுதியது:

துப்புவது பற்றி யாரும் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். நான் ஒரு ஒயின் கடையில் வேலை பார்க்கிறேன், தினமும் துப்புகிறேன். ஒயின் செய்பவரும் துப்புவார், உங்கள் முன்னாலேயே துப்புவார். மேஜையில் ஒரு பாத்திரம் இருக்கும், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, துப்பினால் அவர் ஒயினை நீங்கள் கவனமாகச் சுவைக்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். வாயில் ஊற்றி நாக்கு முழுக்கப் படவிட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, அப்புறம் பாத்திரத்தை நோக்கிக் குனிந்து ஒரே மூச்சில் துப்ப வேண்டும். வீட்டில் தண்ணீரை வைத்து நாலு முறை பழகிவிட்டுப் போங்கள், அங்கே கூச்சம் வராது. மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் விழுங்குங்கள், அதுதான் என் வழக்கம். கிளாஸில் மிச்சம் இருந்தால் அதையும் அந்தப் பாத்திரத்திலேயே கொட்டலாம், யாரும் வருத்தப்படமாட்டார்கள்.

அடுத்தது, என்ன கேட்டுச் சுவைப்பது. பெரும்பாலானவர்கள் பட்டியலில் மேலிருந்து கீழே எல்லாவற்றையும் ஒவ்வொரு வாய் குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதல் இடத்தில் மட்டும் எல்லா ரகத்தையும் வரிசையாகச் சுவையுங்கள். சில்வனேர், பினோ பிளாங், ரீஸ்லிங், முஸ்கா, பினோ கிரி, கடைசியில் கெவுர்ஸ்ட்ராமினர், அதாவது லேசானதிலிருந்து கனமானதற்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கு. அதற்கப்புறம் போகும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே ரகத்தை இரண்டு வேறு மண்ணிலிருந்து ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஒரே ஆள், ஒரே வருடம், ஒரே திராட்சை, மண் மட்டும் வேறு. ரீஸ்லிங்கில் இது அருமையாகத் தெரியும். கருங்கல் மண்ணில் வந்தது இளசாக இருக்கும்போதே பூவாசத்தோடு திறந்துகொள்ளும். சுண்ணாம்பு மண்ணில் வந்தது முதலில் இறுக்கமாக, புளிப்பு முன்னால் நின்று, பேசவே மாட்டேன் என்பதுபோல் இருக்கும், அது வளரப் பல வருடம் ஆகும். இந்த இரண்டு கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிக்கும் வாய்ப்பு வீட்டில் கிடைக்காது, கடையிலும் கிடைக்காது. இவ்வளவு தூரம் போவதே அதற்காகத்தான் என்பேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் இன்னொரு நன்மை, ஊற்றுபவரின் முகம் மலர்ந்துவிடும். ஒருமுறை நான் கேட்டதும் அந்த வீட்டுப் பாட்டி எழுந்து போய் இரண்டு தோட்டத்துக் கற்களையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கல்லைக் கையில் பிடித்துக்கொண்டே குடித்தோம்.

கிரான் க்ரூ என்ற பட்டம் இங்கே 51 தோட்டங்களுக்கு இருக்கிறது. முதலில் 1975ல் பட்டம் பெற்றது கைசர்ஸ்பெர்க் பக்கத்து ஷ்லாஸ்பெர்க், அதுவும் கருங்கல் சரிவு. ஆனால் கிரான் க்ரூ மட்டும்தான் குடிப்பேன் என்று போகாதீர்கள். ஒரு குடும்பத்தின் திறமை அவர்களுடைய மலிவான சில்வனேரில்தான் தெரியும் என்பது என் நம்பிக்கை.

---

ஏலக்காய் எழுதியது:

மாமியாருக்காக எழுதுகிறேன், என் அம்மாவை அழைத்துக்கொண்டு போன அனுபவம்.

கோல்மாரிலேயே அவருக்கு ஒரு நாள் நிறையும். உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் ஈசன்ஹைம் பலிபீட ஓவியம் இருக்கிறது, 500 வருடத்துக்கு முந்தியது. தோல் நோயாளிகளைக் கவனித்த ஒரு மடத்துக்காக வரைந்தது, அதனால் சிலுவையில் இருக்கும் இயேசுவின் உடம்பிலும் புண்களைத் தீட்டியிருக்கிறார் ஓவியர். அம்மா அதன் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. அப்புறம் குட்டி வெனிஸ் பகுதியில் லாவுக் ஆற்றில் தட்டைப் படகு ஓடுகிறது, அதில் ஒரு சுற்று. சுதந்திர தேவி சிலையை வடித்த பார்த்தோல்டி பிறந்த வீடும் இந்த ஊரில்தான், அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். இங்கே எல்லாவற்றிலும் பன்றி இறைச்சித் துண்டு போடும் பழக்கம் உண்டு. மெல்லிய ரொட்டிமேல் கிரீமும் வெங்காயமும் பரப்பிச் சுடும் தார்த் ஃபிளாம்பே எல்லா இடத்திலும் கிடைக்கும், 'சான் லார்தோன்' என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் காளானோடோ சீஸோடோ செய்து தருவார்கள். மூன்ஸ்டேர் சீஸைச் சீரகத்தோடும் வேகவைத்த உருளைக்கிழங்கோடும் பரிமாறுகிறார்கள், வாசம் பலமாக இருக்கும், சுவை மென்மை. ஆனால் கறாரான சைவம் என்றால் சீஸ் உறையவைக்கப் பயன்படுத்துவது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம் என்பதை முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், அவரே முடிவு செய்யட்டும். கூகல்ஹோப்ஃப் என்ற பாதாம், உலர்திராட்சை போட்ட கேக் காலைக் காபிக்கு நன்றாக இருக்கும், இனிப்பு வகையைக் கேட்டு வாங்குங்கள், உப்பு வகையில் இறைச்சி உண்டு.

நிலவறையில் அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பல குடும்பங்கள் தங்கள் திராட்சையிலேயே சாறு பிழிந்து பாட்டிலில் விற்கிறார்கள், 'ஷூ து ரெசான்' என்று கேளுங்கள். என் அம்மாவுக்கும் ஒயின் கிளாஸிலேயே ஊற்றிக் கொடுத்தார்கள், அவரும் எங்களைப்போலவே முகர்ந்து பார்த்துக் குடித்தார், அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினார்.

---

மழைச்சாரல் எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. துர்க்கைமும் ஹுனாவீர் நடையும் உறுதி. கல்லை மேஜையில் வைத்த பாட்டியைப் பற்றி மாமியாரிடம் படித்துக் காட்டினேன், அவரும் அப்படி ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்.

இரண்டு கேள்வி மட்டும் மிச்சம். எனக்குப் பிடித்த கெவுர்ஸ்ட்ராமினர் இனிப்பாக இருந்தது, ஆனால் கணவர் வாங்கி வந்த இன்னொரு பாட்டில் அதே பெயரில் இனிப்பே இல்லாமல் இருந்தது. பாட்டிலைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், பாரிசிலிருந்து வரும் வழியில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அரை நாள் இறங்கினால் ஒயின் சம்பந்தமாகப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

---

ரைன் கரை எழுதியது:

இந்தக் குழப்பம் அல்சாஸில் ரொம்ப நாளாக இருந்தது, நிறையப் பேர் இதனாலேயே இந்த ஒயினை வாங்கத் தயங்கினார்கள், எனக்கே அதில் வருத்தம் உண்டு. 2021 அறுவடையிலிருந்து பாட்டிலில் இனிப்பின் அளவை எழுதியே ஆக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. 'செக்' என்றால் இனிப்பு இல்லை, 'தெமி-செக்' என்றால் லேசாக, 'மொவலோ' என்றால் நன்றாகத் தெரியும் இனிப்பு, 'தூ' என்றால் முழு இனிப்பு. சிலர் வார்த்தைக்குப் பதிலாக அம்புக்குறி போட்ட அளவுகோலை அச்சடிக்கிறார்கள். 2021க்கு முந்தைய பாட்டில் என்றால் விற்பவரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதைத் தவிர 'வான்தாஞ் தார்தீவ்' என்று எழுதியிருந்தால் அது தாமதமாகப் பறித்த திராட்சை. கொடியிலேயே விட்டு, சர்க்கரை ஏறிச் சுருங்கியபின் பறிப்பார்கள். நீங்கள் வரும் நேரத்தில் சில வரிசைகளில் மட்டும் கெவுர்ஸ்ட்ராமினர் குலைகள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம், இளஞ்சிவப்புத் தோலோடு, பார்த்தால் வெள்ளை ஒயின் தரும் திராட்சை என்றே தோன்றாது. மழை குறைவு என்பதால்தான் இப்படி விட்டுவைக்க முடிகிறது. மேற்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலை தடுத்துவிடும், பிரான்சிலேயே மழை குறைந்த நகரங்களில் கோல்மாரும் ஒன்று. தயவுசெய்து குலையைப் பறித்துப் பார்க்காதீர்கள், ஒருவருடைய வருடத்து உழைப்பு அது.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் கட்டாயம் இறங்குங்கள். நகரத்து மருத்துவமனைக்கு அடியில் 1395ல் கட்டிய ஒயின் நிலவறை இன்றும் இயங்குகிறது. அந்தக் காலத்தில் நோயாளிகள் கட்டணமாகத் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்திருக்கிறார்கள், அதனால் மருத்துவமனைக்கே ஒயின் இருந்தது. அங்கே 1472ம் வருடத்து வெள்ளை ஒயின் ஒரு பீப்பாயில் இருக்கிறது. 1576, 1718, 1944 என்று மூன்றே முறைதான் அதைப் பரிமாறியிருக்கிறார்கள், கடைசி முறை ஸ்ட்ராஸ்பூர்க்கை விடுவித்த ஜெனரல் லெக்லேருக்கு. உங்களுக்கு அதைத் தரமாட்டார்கள், ஆனால் அதன் முன்னால் நின்று பார்க்கலாம். மாமியாருக்கும் பிடிக்கும். ஞாயிறு மூடியிருக்கும், நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், பிறகு அங்கிருந்து கோல்மாருக்கு அரை மணி நேர ரயில்தான்.

---

நடைப்பயணி எழுதியது:

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். முடிந்தால் ஒரு இரவாவது துர்க்கைமிலேயே தங்குங்கள். மே முதல் அக்டோபர் வரை தினமும் இரவு பத்து மணிக்கு ஒரு காவலர் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, கையில் விளக்கும் ஈட்டியுமாக ஊரைச் சுற்றி வருவார், தெருமுனைகளில் நின்று அல்சாஸ் மொழியில் பாடுவார், நெருப்பையும் விளக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. ஊர் முழுக்க அவர் பின்னால் நடக்கலாம். நாங்கள் போன அன்று எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர்தான் இருந்தோம், திறந்த கதவுகளிலிருந்து புளிக்கும் திராட்சை வாசம் தெருவெல்லாம் வந்துகொண்டிருந்தது. கடைசி ரயில் அதற்கு முன்னாலேயே போய்விடும், அதனால்தான் தங்கச் சொல்கிறேன்.